பம்பண்ணனும் கறுப்புக் கண்ணாடிக்காரரும்

சைகோன் நகரத்தில் அந்தக் காலத்தில் எத்தனை உளவாளிகள் இருந்தார்கள் என்று அரசாங்கத்துக்கே சரியாகத் தெரிந்திருக்காது. பம்பண்ணனுக்குத் தெரியும். அவரைத் தவிர எல்லோரும்.

அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டவர்களிடம், "பேரைத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீக?" என்று திருப்பிக் கேட்பார். சிவகங்கைப் பக்கத்து ஆள். பென் தான் என்னும் பெரிய சந்தைக்கு எதிரே ஒரு தமிழர் துணிக்கடையில் வேலை. வேலை என்றால் துணி கிழிப்பதோ மடிப்பதோ இல்லை. வாசலை ஒட்டி உயரமான ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் ஒரு துண்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போய்விடக்கூடாது. சந்தேகப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கிய மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். வாங்கிய சம்பளத்துக்கு மேலேயே உழைத்தார். கடை மூடிய பிறகும் சந்தேகப்பட்டார், ஞாயிற்றுக்கிழமையும் சந்தேகப்பட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் சொல்ல வந்தேன். அன்றுதான் எங்கள் சைக்கிள் சங்கம் கூடும். நாங்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் புதுச்சேரி, காரைக்கால் கத்தோலிக்கர்கள். முதல் பூசை பார்த்துவிட்டு வருவார்கள். மீதிப் பேர் துணிக்கடை, வட்டிக்கடைக் கிட்டங்கி ஆட்கள்; மாரியம்மன் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு வருவார்கள். சந்தையின் மணிக்கூண்டுக்குக் கீழே கூடி, தபால் ஆபீஸ் எழுத்தர் கபிரியேல் விசில் ஊதியதும் புறப்படுவோம். அவர்தான் எங்கள் தலைவர். புதுச்சேரிக்காரர்கள் அவரைக் 'கப்பித்தேன்' என்பார்கள். மிலிட்டரி கேப்டனுக்கு பிரெஞ்சில் அப்படித்தான் பெயராம். அவர் தபால் முத்திரை குத்துவதைத் தவிர வேறு எந்தப் போரிலும் கலந்துகொண்டதில்லை.

பம்பண்ணனுக்கு அந்தப் பெயர் வந்த கதை சின்னக் கதைதான். எங்கே சைக்கிளை நிறுத்தினாலும் முதல் காரியமாகக் காற்றடிக்கும் பம்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். காப்பிக் கடைக்கும் பம்போடு வருவார், சினிமாவுக்கும் பம்போடு வருவார். மாரியம்மன் சன்னதியில் தீபாராதனை நடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட ஒரு கைதான் மிச்சம் இருக்கும். "அதை அம்மன் காலடியில வெச்சிட்டுக் கும்பிடுங்க" என்று குருக்கள் ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். "அம்மன் மேல சந்தேகம் இல்லை சாமி. பக்கத்துல நிக்கிறவுக மேலதான்" என்றார் பம்பண்ணன். பக்கத்தில் நின்றது, பூசை முடிந்து அவரைக் கூப்பிடப் போயிருந்த நான்.

எங்களில் யாருக்காவது டயர் இறங்கினால் அவர்தான் காற்றடிக்க வேண்டும். பம்பை நம் கையில் தரமாட்டார். அவர் அடிக்க, நாம் நன்றியோடு பார்த்துக்கொண்டிருக்கலாம்.

காப்பிக் கடை இன்னொரு தொல்லை. தன் முன்னால் வைத்த காப்பியை அவர் குடித்ததாகச் சரித்திரமே இல்லை. பக்கத்தில் இருப்பவன் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், இவர் கோப்பை அங்கே போய்விடும், அவன் கோப்பை இங்கே வந்துவிடும். யாராவது அவரைத் தீர்த்துக்கட்ட நினைத்தால் பக்கத்து ஆள் போய்ச் சேரட்டும் என்ற நல்ல எண்ணம். எனக்குச் சர்க்கரை இல்லாத காப்பி பிடிக்கும். அவர் பாதிக் கோப்பைக்குச் சர்க்கரை போடுகிறவர். வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் பாகு குடித்தேன்.

ஊர்வலத்தில் அவர் எப்போதும் கடைசி ஆள். தன் முதுகுக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது என்பதால் அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் நமக்குப் பின்னால் நம் ஆள் இல்லையென்றால் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி வருமல்லவா? அடிக்கடி திரும்பிப் பார்த்து, ஒரு தடவை வாத்துக்கூடை வண்டி மேலேயே ஏறிவிட்டார். சாலை முழுக்க வாத்து. பிறகு சந்தையில் பெண்கள் பவுடர் போடப் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வாங்கி ஹேண்டில் பாரில் கட்டினார். முதல் நாள் முழுக்க, மீசை வைத்த ஒரு ஆள் தன்னையே முறைத்துக்கொண்டு வருவதாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

சங்கம் எடுத்துக்கொண்ட ஒரே புகைப்படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லோரும் பல்லைக் காட்டி நிற்கிறோம். கப்பித்தேன் தோளுக்குப் பின்னால் ஒரு பம்பின் கைப்பிடி மட்டும் தெரிகிறது.

நியாயமாகச் சொன்னால் அவரை முழுப் பைத்தியம் என்று தள்ளிவிடவும் முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிப் போய், புதுக் குடியரசு வந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். நாலு பேர் நின்று பேசினால் ஐந்தாவதாக ஒருவர் வந்து பக்கத்தில் நின்று பேப்பர் படிப்பார். பேப்பர் தலைகீழாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஊரில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தோம். பம்பண்ணன் அதை முழுநேரத் தொழிலாகச் செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது என் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன்.

நான் காரைக்காலில் இருந்து வந்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மா இல்லை. சைகோனில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சித்தப்பா பெரியப்பா கிடையாது. கப்பித்தேனின் மனைவி என் மேல் இரக்கப்பட்டு ஒரு வரன் பேசினார். பெண்ணின் பெயர் மதலேன். பூசையில் இரண்டு மூன்று தடவை பார்த்திருந்தேன். பார்த்த நாளிலிருந்து எனக்குப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் செர்ழான், அதாவது சார்ஜெண்ட், பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் செர்ழான் ஐயா. எனக்கு அவரைப் பார்த்துப் பழக்கம் இல்லை. கால் வலி என்று அவர் வீட்டுப் பக்கத்துச் சின்னக் கோயிலில்தான் பூசை பார்ப்பார்.

செர்ழான் ஐயா என் சம்பளத்தைக் கேட்டார், குறை சொல்லவில்லை. படிப்பைக் கேட்டார், குறை சொல்லவில்லை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டாராம்: "எல்லாம் சரி. இந்தப் பையனுக்காகப் பேச இந்த ஊர்ல யார் இருக்கா?"

அவர் கேட்டதிலும் தப்பு இல்லை. அதற்கு முந்தின வருடம்தான் எங்கள் சனத்தில் ஒரு பெண்ணைத் தனி ஆள் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தாலி கட்டிய மறுமாதம், அவனுக்குச் சைகோனை ஒட்டிய சீனர் பகுதியான சோலோனில் ஏற்கெனவே ஒரு வீடும் அதில் ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து பெண்ணைப் பெற்றவர்கள் சோலோன் என்ற பேரைக் கேட்டாலே சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

எங்கள் சங்கத்தில் இதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பெண் பார்ப்பதைப் பெண் பார்ப்பது என்று சொல்லமாட்டோம், உல்லாசப் பயணம் என்போம். ஆண்கள் சைக்கிளில், பெண்கள் சாப்பாட்டுக் கேரியரோடு பஸ்ஸில். மாப்பிள்ளைப் பையன் சலவை செய்த வெள்ளைக் கால்சட்டை போட்டுக் கப்பித்தேனுக்கு அடுத்து இரண்டாவதாக வருவான். போய்ச் சேரும் இடத்தில் பெண் வீட்டார் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் பெண் காப்பித் தட்டோடு வருவாள். பிடிக்கவில்லையென்றால் எல்லோரும் மாம்பழம் தின்றுவிட்டு வீடு திரும்பலாம். யாருக்கும் முகம் சுருங்காது. எனக்காகக் குச்சியில், ஒரு தமிழ்ப் பால்காரரின் மாட்டுப் பண்ணையில் இடம் பார்த்திருந்தார்கள். குச்சி என்பது சைகோனுக்கு வெளியே வயலும் மாடுமாக இருந்த ஊரின் பெயர். சிரிக்காதீர்கள்.

பம்பண்ணனுக்கு மட்டும் விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று கப்பித்தேன் முடிவு செய்தார். "சொன்னா அந்தப் பொண்ணு யாருன்னு விசாரிக்க ஆரம்பிச்சிடுவார். அவர் விசாரிச்ச வீட்டுல அப்புறம் யாரும் பொண்ணு தரமாட்டாங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் செய்த தவறு அதுதான்.

அவர் பங்குக்குச் செர்ழான் ஐயாவும் ஒரு காரியம் செய்தார். மனைவியையும் மகளையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, தான் மட்டும் மோட்டார் பொருத்திய ஒரு சைக்கிளில் எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தூசிக்காக வாயைச் சுற்றிக் கைக்குட்டை. பெண் வீட்டார் முன்னால் எல்லா மாப்பிள்ளையும் யோக்கியன்தான், வழியில் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும் என்பது பழைய பட்டாளத்து மூளை. கப்பித்தேனுக்கு அவரை நன்றாகத் தெரியும். ஆனால் கப்பித்தேன் திரும்பிப் பார்ப்பதில்லை. அது பதவிக்குக் குறைவு.

திரும்பிப் பார்ப்பதற்கென்றே கண்ணாடி கட்டிய ஒருவர் எங்களிடம் இருந்தார்.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் பம்பண்ணன் வரிசையை முந்திக்கொண்டு என் பக்கத்தில் வந்துவிட்டார். சங்கம் ஆரம்பித்த நாளாக அவர் கடைசி இடத்தை விட்டு நகர்ந்ததில்லை.

"திரும்பாதே தம்பி. பின்னாடி ஒரு ஆளு வாரான். கறுப்புக் கண்ணாடி."

"ரோடுன்னா நாலு பேர் வரத்தான்ணே செய்வாங்க."

"மோட்டார் வெச்சிருக்கிறவன் நம்மளத் தாண்டிப் போகாம என்னத்துக்கு மெதுவா வாரான்? நாம நின்னா அவனும் நிக்கிறான். உன்னையத்தான் பார்க்குறான். நீ என்ன செஞ்சே? சும்மா கேக்குறேன், தப்பா எடுத்துக்காதே."

"நான் ஒண்ணுமே செய்யலையேண்ணே."

"அய்யய்யோ" என்றார். "ஒண்ணும் செய்யாதவனைத்தான் முதல்ல பிடிப்பாக. செஞ்சவன் ஓடிருவான்ல."

சொல்லிவிட்டு ஒரே அழுத்தாக அழுத்திக் கப்பித்தேனிடம் போனார். முன்னால் பட்டாளத்தார் சாலையை மறித்திருக்கிறார்கள், இடது பக்கம் திரும்பிச் சோலோன் வழியாகச் சுற்றிப் போவதுதான் நல்லது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். கடைசி ஆள் முதல் இடத்துக்கு வந்து சொன்னதால் கப்பித்தேனும் நம்பிவிட்டார். விசில் ஊதினார். சங்கம் முழுக்க இடது பக்கம் திரும்பியது.

என் கல்யாணத்தைக் கெடுக்க வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இதைவிட நல்ல வழி கிடைத்திருக்காது. பெண்ணைப் பெற்றவர் பின்னால் வருகிறார். மாப்பிள்ளைப் பையன் நேராகச் சோலோனுக்குப் போகிறான். அதுவும் ஒளிந்து ஒளிந்து.

சோலோனின் மொத்த வியாபாரத் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை என்று தனியாகக் கிடையாது. லாரியில் மூட்டை ஏற்றுகிறார்கள், நடுத்தெருவில் தகரம் அடிக்கிறார்கள், பன்றியைக் கூடையில் போட்டுத் தூக்கிப் போகிறார்கள். பம்பண்ணன் எங்களை ஒரு சந்தில் விட்டு இன்னொரு சந்தில் எடுத்தார். கறுப்புக் கண்ணாடி விடவில்லை. இந்தோசீனாக் காடுகளில் சுற்றிய மனிதருக்குச் சோலோன் சந்தெல்லாம் எம்மாத்திரம்?

கடைசியாக நுழைந்த சந்தில்தான் நான் வாரத்தில் பாதி நாள் சாப்பிடும் கஞ்சிக் கடை இருந்தது. கடைக்காரச் சீனப் பெண்மணிக்கு எங்கள் சங்கத்தையே தெரியும். என்னை நன்றாகத் தெரியும், நான் மீன் சாறு கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்கிறவன். "ஆன் பை! ஆன் பை!" என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். சைகோனில் தமிழன் யாரைக் கண்டாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஏழாவது அண்ணன் என்று அர்த்தம். அவளுடைய சின்ன மகள் ஓடிவந்து என் சைக்கிள் பாரில் ஏறி உட்கார்ந்து மணியடிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண்மணி வாழையிலையில் கட்டிய எதையோ என் சட்டைப் பைக்குள் திணித்து, கன்னத்தில் ஒரு தட்டும் தட்டிச் சிரித்தாள். சந்தின் முனையில் கறுப்புக் கண்ணாடி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு அவர் யார் என்று தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே இறங்கி, குழந்தைக்கு அப்பா வேறு ஆள் என்று கத்தியிருப்பேன்.

சோலோனை விட்டு வெளியே வந்து, ஒருவழியாகக் குச்சி சாலையைப் பிடித்தோம். இரண்டு பக்கமும் நெல்வயல். பம்பண்ணன் ஹேண்டில் பார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தவர் திடீரென்று பிரேக் போட்டார். "நின்னுட்டான். டயரு போச்சு போல" என்றார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. எங்கள் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு: சாலையில் எவனுக்கு டயர் போனாலும், அவன் நம் ஆளாக இல்லாவிட்டாலும், கடைசி ஆள் நின்று ஒட்டுப் போட்டுக் காற்றடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

"அவனுக்கா அடிச்சுக் குடுக்கப் போறீங்க? வாங்கண்ணே போயிடலாம்" என்றேன்.

"விட்டுட்டுப் போனா இன்னொருத்தனை அனுப்புவான். அவனுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுக்கிட்டு வாரேன். நீ போ. அங்கிட்டுப் போயி யார்கிட்டயும் பேசாதே" என்று சொல்லிவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். வெயிலில் அவர் முதுகு சட்டையோடு ஒட்டியிருந்தது. பயந்துகொண்டுதான் போகிறார் என்று பின்னால் இருந்து பார்த்தாலே தெரிந்தது.

அங்கே நடந்ததை இரண்டு பேரும் பின்னால் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். பம்பண்ணன் டியூபைக் கழற்றி ஒட்டுப் போட்டுக் காற்றடித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறார். ரகசியப் போலீஸ் விசாரணை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, செர்ழான் ஐயா பிரெஞ்சு மரியாதைப்படி 'முசியே', அதாவது ஐயா, என்று கூப்பிட்டு மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த வெள்ளைக் கால்சட்டைப் பையன் யாருங்க முசியே?"

"எந்தப் பையன்?"

"ரெண்டாவதா போனானே."

"அப்படி ஒருத்தன் போனானா? கவனிக்கலையே."

"உங்க கூடத்தானே வந்தான். குடிப்பானா?"

"தண்ணியே யோசிச்சுத்தான் குடிப்பான்."

"சிநேகிதக்காரங்க?"

"கிடையாது. அவனோட யாரு பேசுவாக? பேசினா நமக்குத் தூக்கம் வந்துரும்."

"ஆபீஸ் விட்டா இன்னா செய்வான்?"

"வீட்டுக்குப் போவான்."

"அப்புறம்?"

"தூங்குவான்."

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னைக்கும் தூங்கத்தான் பார்ப்பான். நாங்கதான் எழுப்பிக் கூட்டியாருவோம்."

"கோவக்காரனா?"

"கோவம் வரணும்னா மண்டையில ஏதாச்சும் ஓடணும்ல. அவனுக்கு ஒண்ணும் ஓடாது. பச்சைப் புள்ளை."

"சோலோன்ல ஒரு பொம்பளை அவனைத் தொட்டுத் தொட்டுப் பேசினாளே?"

"கஞ்சி விக்கிறவுக. எனக்கும்தான் கன்னத்துல தட்டுவாக. சந்தேகமா இருந்தா அவுக புருசனைப் போய்க் கேளுங்க. பன்னி வெட்டுறவரு, கத்தியோட இருப்பாரு."

ஒரு போலீஸ்காரனிடம் இதைவிட உபயோகமில்லாத ஆளை யாரும் வர்ணித்திருக்க முடியாது. பெண்ணைப் பெற்றவருக்கோ இதைவிட உத்தமமான மாப்பிள்ளை கிடைக்கமாட்டான். குடி இல்லை, கூட்டாளி இல்லை, கோபம் இல்லை, ஊர் சுற்றல் இல்லை, மூளையும் அளவோடுதான்.

நாங்கள் பண்ணையில் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். எதிரே பாயில் மதலேனும் அவளுடைய அம்மாவும். மதலேன் என்னைப் பார்க்காதது போல என் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா கப்பித்தேன் மனைவியிடம் காதோடு காதாக, "அவர் இன்னும் வரக்காணோமே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பம்பண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். என்னைத் தள்ளிக்கொண்டு போய், "உன்னைப் பத்தித்தான் கேட்டான். ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்னு சொல்லி வெச்சிருக்கேன். பயப்படாதே" என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை, மோட்டார் சத்தம் கேட்டது. கறுப்புக் கண்ணாடி பண்ணைக்குள் வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, நேராகப் பெண்ணின் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"வளைச்சுட்டாக" என்றார் பம்பண்ணன்.

அடுத்த நிமிஷம் நான் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், வைக்கோல் போருக்கும் சாணிக் குழிக்கும் நடுவே இருந்தேன். சட்டைக் காலரை அவர் விடவில்லை.

"இப்படியே பின்பக்கமாப் போனா ரப்பர் தோட்டம். அதுக்குள்ள புகுந்துட்டா ராத்திரிக்குள்ள வேற ஊரு."

"அண்ணே, என்னை விடுங்க. அங்க காப்பி வரப்போகுது."

"உசுரு போற நேரத்துல காப்பி கேக்குது பாரு இவனுக்கு."

"பொண்ணு காப்பி கொண்டு வரப்போறாண்ணே. எனக்குப் பார்த்த பொண்ணு. நான் அங்க இல்லைன்னா எல்லாம் போச்சு."

காலரைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது. "பொண்ணா? யாரு பொண்ணு? அவுக எந்த ஊரு?" என்று ஆரம்பித்தார். அந்தச் சமயம் கப்பித்தேன் விசிலை ஊதிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் மதலேன், கையில் தட்டோடு. தட்டில் இருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குச் சற்றுப் பிறகுதான் புரிந்தது. என் வெள்ளைக் கால்சட்டையில் முழங்கால் வரை சாணி.

கப்பித்தேன் எல்லோரையும் மாமரத்தடிக்குக் கூட்டிவந்து, இவர்தான் பெண்ணின் அப்பா என்று முறைப்படி அறிமுகம் செய்தார். செர்ழான் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். பம்பண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சும்மா கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீக. பொண்ணோட அப்பான்னா எதுக்குக் கறுப்புக் கண்ணாடி?"

"வெயிலுக்கு முசியே."

பம்பண்ணன் என் பக்கம் குனிந்து, "எல்லாரும் அதைத்தான் சொல்லுவாக" என்றார்.

காப்பி கொடுத்தார்கள். செர்ழான் ஐயா மாட்டைப் பார்க்கத் திரும்பியபோது பம்பண்ணன் கோப்பையை மாற்றி வைத்தார். பம்பண்ணன் மூக்கைச் சிந்தத் திரும்பியபோது செர்ழான் ஐயா அதைத் திரும்ப மாற்றி வைத்தார். இரண்டு பேரும் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் உயிரோடுதான் இருந்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் செர்ழான் ஐயா என்னைத் தனியாக அழைத்தார். நான் மனதளவில் தயாராகிவிட்டேன். சோலோன், சீனப் பெண்மணி, குழந்தை, சாணி, ஓட்டம். இதற்கு மேலும் ஒருவன் பெண் கேட்டால் அது திமிர். மதலேன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உன் கூட்டாளி என்கிட்ட சொன்னது பூரா பொய்" என்றார் செர்ழான் ஐயா. "ஒரு மனுஷன் அவ்வளவு தூங்க முடியாது. பட்டாளத்துல எத்தனை பேரை விசாரிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? என்னை ரகசியப் போலீஸுன்னு நினைச்சுத்தான் பேசறார்னு கொஞ்ச நேரத்துலயே புரிஞ்சுபோச்சு. கேள்வி கேட்டா பம்பு நின்னுடுது, காத்தே சரியா ஏறல. சரி, எவ்வளவு தூரம்தான் போறார்னு பார்க்கலாம்னு நானும், 'அந்தப் பையனை இன்னைக்கு நான் கூட்டிட்டுப் போகணும்'னு சொல்லிப் பார்த்தேன்."

சொல்லிவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"எழுந்து நின்னார். 'அவனை விட்டுருங்க. எதுவா இருந்தாலும் என்னைக் கூட்டிட்டுப் போங்க. அவனுக்கு இந்த ஊர்ல வேற யாரும் இல்ல, நான்தான் அவனுக்கு அண்ணன்'னு சொன்னார். நெசமாவே சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு என்கூட வரத் தயாராயிட்டார். நான்தான் 'இப்ப வேண்டாம், போங்க'ன்னு அனுப்பி வெச்சேன். உனக்காகப் பேச யார் இருக்கான்னு நான் கேட்டேன் இல்ல? எனக்கு இது போதும். வர்ற மாசம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லலாம்."

அழுதேன் என்று எழுதினால் மதலேன் படித்துவிட்டுச் சிரிப்பாள், இருந்தாலும் எழுதுகிறேன். மாட்டுத் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வரும்போது இரண்டாவது இடத்தை விட்டுவிட்டுப் பின்னால் வந்து பம்பண்ணனோடு சேர்ந்துகொண்டேன். சற்றுத் தூரம் மிதித்தோம். அவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"அந்த ஆளு உன்னைத் தனியாக் கூட்டிப் போயி என்ன கேட்டான்?"

"உங்களைப் பத்திக் கேட்டாருண்ணே."

சைக்கிள் ஒரு தடவை ஆடியது. "நீ என்ன சொன்னே?"

"எனக்கு அண்ணன்னு சொன்னேன்."

பம்பண்ணன் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பாலம் தாண்டினோம். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன் தம்பி. ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொல்லணும். இனிமே யாரு கேட்டாலும் மாத்திச் சொல்லிப்புடாதே" என்றார்.

இன்று வரை நான் மாற்றிச் சொன்னதில்லை.